அயல்நாட்டு அனாதை இல்லத்துக்குச் சபை பணம் அனுப்பலாமா?

நீங்கள் கேட்டது இது: உங்கள் சபை ஒன்பது வருடமாக ஓர் ஏழை நாட்டில், 40 பிள்ளைகள் இருக்கும் அனாதை இல்லம் ஒன்றைத் தாங்கி வருகிறது. மாதாமாதம் காணிக்கையிலிருந்து பணம் போகிறது. வருடத்துக்கு ஒருமுறை வாலிபர் குழு போய் இரண்டு வாரம் இருந்துவிட்டு வருகிறது. இப்போது சபையில் ஒரு பெண், இப்படிப்பட்ட இல்லங்களால் பிள்ளைகளுக்குக் கெடுதல்தான் அதிகம், பணத்தை நிறுத்துங்கள் என்கிறார். சபையை நடத்தும் மூப்பர்களுக்குள் இரண்டு கட்சி ஆகிவிட்டது. யார் சொல்வது சரி?

அந்தப் பெண் சொல்வதில் பெரும்பகுதி சரி. "நிறுத்துங்கள்" என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்ல கொஞ்சம் இடம் வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'அனாதை' என்ற சொல்லிலிருந்து ஆரம்பிக்கலாம். அதைக் கேட்டதும் உற்றார் உறவினர் யாருமே இல்லாத பிள்ளைதான் நம் மனதில் வருகிறது. ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃபின் கணக்கு அப்படி இல்லை. 18 வயதுக்குள் தாய், தந்தை இருவரில் ஒருவரை இழந்தாலே அந்தப் பிள்ளை அனாதைக் கணக்கில் சேரும். 2015இல் அந்தக் கணக்கு கிட்டத்தட்ட 14 கோடி. அதில் இருவரையுமே இழந்தவர்கள் சுமார் 1.5 கோடி. மீதிப் பேருக்கு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார். இருவரையும் இழந்தவர்களிலும் பெரும்பாலோர் பாட்டி, சித்தி, மூத்த அக்கா என்று யாராவது ஒருவரிடம் வளர்கிறார்கள். ஆனால் இந்த 14 கோடி பிரசங்க மேடைக்கு வந்து சேரும்போது விளக்கமெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. கேட்பவர் மனதில் 14 கோடிப் பிள்ளைகள் தெருவில் நிற்கிறார்கள். கட்டடம் கட்டிக் கட்டில் போட்டால் தீர்ந்துவிடும் என்று தோன்றிவிடுகிறது.

சரி, இல்லங்களுக்குள் இருப்பவர்களாவது யாருமற்றவர்களா? சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2009இல் வெளியிட்ட அறிக்கை, உலகெங்கும் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது பெற்றோரில் ஒருவரோ இருவருமோ உயிரோடு இருக்கிறார்கள் என்றது. ஹைட்டியில் சுமார் 30,000 பிள்ளைகள் இல்லங்களில் இருந்தபோது அங்கேயும் இதே கதை. கம்போடியாவில் நான்கில் மூன்று பேருக்கும் மேல்.

நானும் இதை வெகுநாள் நம்பவில்லை. ஒரு சபையின் மிஷன் குழுவுக்கு நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், நாங்கள் ஆதரித்த இல்லத்தின் பொறுப்பாளரிடம் போனில் வேறு ஏதோ பேசும்போது, "இவர்களில் எத்தனை பேருக்கு அம்மா இருக்கிறார்?" என்று போகிற போக்கில் கேட்டேன். அவர் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "முக்கால்வாசிப் பேருக்கு இருக்கிறார். விடுமுறையில் சிலர் போய்விட்டு வருவார்கள்" என்றார். அவர் எதையும் மறைத்திருக்கவில்லை. அத்தனை வருடத்தில் எங்கள் பக்கத்தில் ஒருவரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

பெற்றோர் இருந்தும் பிள்ளை ஏன் அங்கே? பெரும்பாலும் ஏழ்மை, அதிலும் குறிப்பாகப் பள்ளிக்கூடம். கணவனை இழந்த ஒரு பெண், மூன்று பிள்ளைகள், பள்ளிக்கட்டணம் கட்ட வழியில்லை. பக்கத்து ஊரில் வெளிநாட்டுச் சபை நடத்தும் இல்லத்தில் மூன்று வேளைச் சாப்பாடு, சீருடை, ஆங்கிலம், மருந்து. நடுப்பிள்ளையை அங்கே விடுகிறாள். அவள் பிள்ளையைக் கைவிட்டாள் என்று சொல்ல முடியுமா? வசதியுள்ளவர்கள் பிள்ளையை நல்ல ஹாஸ்டலில் சேர்ப்பது மாதிரித்தான் அவள் அதை நினைக்கிறாள். நம் பணம் அவள் முன்னால் ஒரே ஒரு கதவைத்தான் திறந்து வைத்திருக்கிறது. பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டுமா, உன்னை விட்டுப் பிரித்து இங்கே அனுப்பு.

பணம் போகும் விதத்தையும் பாருங்கள். பெரும்பாலான சபைகள் தலைக்கு இவ்வளவு என்று அனுப்புகின்றன. 40 பிள்ளை என்றால் 40 ஸ்பான்சர். ஒரு பிள்ளை வீட்டுக்குத் திரும்பிப் போனால் அந்த ஸ்பான்சர் தொகை நின்றுவிடும். சமையல்காரர் சம்பளமும் வாடகையும் கரண்ட் பில்லும் குறையாது. பொறுப்பாளர் நல்ல மனிதராகவே இருக்கட்டும், ஜெபிக்கிறவராகவே இருக்கட்டும், ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு முறையும் அவருக்கு நஷ்டம். அதனால் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. இதில் வில்லனே தேவையில்லை. அனுப்புகிற முறையே அந்த வேலையைச் செய்துவிடும்.

வில்லன் இருக்கிற இடங்களும் உண்டு. நேபாளத்தில் மலைக் கிராமங்களுக்குத் தரகர்கள் போய், நகரத்தில் நல்ல பள்ளியில் சேர்க்கிறேன் என்று பெற்றோரிடமே பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள். பெற்றோர் இறந்துவிட்டதாகப் பொய்க் காகிதம் தயாரித்து இல்லங்களில் சேர்த்தார்கள். அங்கே இல்லங்கள் ஏழ்மை மிகுந்த மாவட்டங்களில் இல்லை. காத்மாண்டுப் பள்ளத்தாக்கு, பொக்காரா, சித்வன் என்று வெளிநாட்டவர் வந்துபோகும் இடங்களில் குவிந்திருந்தன. கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. அந்த ஐந்து வருடத்தில் அங்கே போரோ கொள்ளைநோயோ வரவில்லை. சுற்றுலாப் பயணிகளும் நன்கொடையாளர்களும் வந்தார்கள்.

2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்த சில வாரங்களுக்குள், அமெரிக்க பாப்திஸ்து சபைகளைச் சேர்ந்த பத்துப் பேர் 33 பிள்ளைகளை ஒரு பஸ்ஸில் ஏற்றி எல்லை தாண்டி டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோகப் பார்த்துக் கைதானார்கள். முறையான ஆவணம் எதுவும் இல்லை. அனாதைகள் என்று நினைத்து ஏற்றிய அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். நல்ல வாழ்க்கை, படிப்பு என்ற வாக்கை நம்பி அவர்களே பிள்ளைகளைக் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்று மனதார நம்பித்தான் அந்தப் பத்துப் பேரும் போனார்கள் என்பதே எனக்கு இதில் உறுத்தலான விஷயம்.

இனி, பிள்ளைக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்வி. இதற்கு ருமேனியாவைத்தான் எல்லோரும் சொல்வார்கள், காரணம் இருக்கிறது. அதன் தலைநகர் புக்கரெஸ்டில் 2000ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய ஓர் ஆய்வு 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டது. எல்லாரும் அரசு இல்லங்களில் இருந்த கைக்குழந்தைகளும் தளர்நடைக் குழந்தைகளும். குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள், மீதிப் பேர் வழக்கமான ஏற்பாட்டிலேயே இருந்தார்கள். வருடங்கள் போகப் போக, குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவுத்திறன், பேச்சு, பிறரோடு ஒட்டுதல் என்று பலவற்றில் முன்னேறியிருந்தார்கள். சுமார் இரண்டு வயதுக்குள் போனவர்களுக்கு அதிகப் பலன். சாப்பாடு, துணி, கூரை எல்லாம் இருந்தும் கிடைக்காமல் போனது ஒன்றுதான்: தன்னை மட்டும் தன் பிள்ளையாக நினைக்கிற ஒரே ஆள். ஷிப்டு மாறும் ஆயாக்களால் அதைக் கொடுக்க முடியாது. அவர்கள் மனது கல் என்று அர்த்தமில்லை. எட்டு மணி நேரம் முடிந்தால் அவர்களுக்கும் ஒரு வீடு இருக்கிறது.

உங்கள் வாலிபர் குழு திரும்பி வந்து சாட்சி சொல்லும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். "போய் இறங்கின பத்தாவது நிமிஷம் பிள்ளைகள் ஓடி வந்து மடியில் ஏறிக்கொண்டார்கள், எவ்வளவு அன்பு!" கேட்க நெகிழ்ச்சியாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டு நான்கு வயதுப் பிள்ளை முன்பின் தெரியாத ஆளின் மடியில் பத்து நிமிடத்தில் ஏறுமா? அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளியும். யார் வந்தாலும் கட்டிக்கொள்ளும் பிள்ளை, யாரையும் நம்பித் தங்க முடியாது என்று கற்றுக்கொண்ட பிள்ளையாக இருக்கலாம் என்பார்கள் குழந்தை மனநலத்தில் வேலை செய்பவர்கள். இரண்டு வாரம் ஒட்டிக்கொண்ட அக்கா, அண்ணன்கள் ஒருநாள் கையசைத்துவிட்டு பஸ் ஏறுவார்கள். அடுத்த வருடம் வேறு அக்கா, அண்ணன்கள்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அன்றைய ருமேனிய அரசு இல்லங்கள் மிக மோசமாக இருந்தன. உங்கள் சபை தாங்கும் இல்லம் அப்படி இருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் கம்போடியா, எத்தியோப்பியா, இந்தியா, கென்யா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். இல்லங்களில் இருந்தவர்கள் உடல்நலத்திலோ படிப்பிலோ மனநலத்திலோ, வெளியே வளர்ந்த அனாதைப் பிள்ளைகளைவிட மோசமாக இல்லை என்று கண்டார்கள். இல்லங்களை ஆதரிப்பவர்கள் இதைச் சொல்லும்போது அது பொய் இல்லை. வெளியே வறுமையில் ஒருவர் உதவியும் இல்லாமல் வளரும் பிள்ளையோடுதான் அந்த ஒப்பீடு என்பதை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு அதே பணம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு கேள்வி. தான்சானியாவின் ககேரா பகுதியில் ஒரு பிள்ளையை இல்லத்தில் வைத்திருக்க வருடத்துக்கு 1,000 டாலருக்கு மேல் ஆனது. வளர்ப்புக் குடும்பத்தில் வைத்து ஆதரிக்கும் செலவைப்போல் அது ஏறத்தாழ ஆறு மடங்கு.

சபைகள் இந்த வழிக்கு வந்ததில் ஒரு நியாயம் இருந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே என்ற போதகர் 1690களில் இல்லம் தொடங்கியபோதும், ஜார்ஜ் முல்லர் என்ற ஊழியர் 1836இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் முதல் வீட்டைத் திறந்தபோதும், அங்கிருந்த ஏழைப் பிள்ளைகளுக்கு வேறு போக்கிடம் அரிது. முல்லர் காலத்து இங்கிலாந்தில் இருந்த போக்கிடம் ஏழை விடுதிதான், அது கிட்டத்தட்ட சிறை. கொரியப் போரின்போது ஏராளமான பிள்ளைகள் உண்மையிலேயே நிர்க்கதியாக நின்றார்கள். வேர்ல்டு விஷன், கம்பேஷன் என்ற கிறிஸ்தவ உதவி அமைப்புகள் 1950இலும் 1952இலும் பிறந்தது அந்தச் சூழலில்தான். கொரிய இல்லங்களில் இருந்த பிள்ளைகளுக்கு மாதம் இவ்வளவு என்று ஸ்பான்சர் பிடிக்கும் முறை பரவியதும் அப்போதுதான். ஆனால் இதைப் பரப்பிய அதே இரண்டு அமைப்புகளும் பிறகு அந்த முறையிலிருந்து நகர்ந்துவிட்டன. கம்பேஷன் ஆதரிக்கும் பிள்ளைகள் இன்று பெரும்பாலும் சொந்த வீட்டில் தூங்குகிறார்கள், உள்ளூர்ச் சபையின் மையத்துக்கு வந்து போகிறார்கள். "இது உலகத்தார் கிளப்பிவிட்ட புது வாதம்" என்று உங்கள் மூப்பர்களில் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

யாக்கோபு 1:27ஐ எடுத்துக் காட்டாமல் இந்தப் பேச்சு முடியாது, அதையும் பார்த்துவிடலாம். "திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் படுகிற உபத்திரவத்திலே அவர்களை விசாரிக்கிறதும்" என்றுதான் நம் வேதாகமத்தில் இருக்கிறது. எனக்கு இதில் இரண்டு விஷயம் கண்ணில் படும். ஒன்று, திக்கற்ற பிள்ளையும் விதவையும் ஒரே மூச்சில் வருகிறார்கள். நியாயப்பிரமாணத்திலும் தீர்க்கதரிசிகளிலும் திரும்பத் திரும்ப இந்த இருவரும் ஜோடியாகத்தான் வருவார்கள். அந்தத் திக்கற்ற பிள்ளையின் அம்மாதான் பல நேரம் அந்த விதவை! நாம் பிள்ளையை மட்டும் எடுத்து வளாகத்துக்குள் வைத்துக்கொண்டு விதவையை வாசலிலேயே நிறுத்திவிட்டோம். இன்னொன்று அந்த 'விசாரிக்கிறது' என்ற சொல். தமிழில் அதற்கு நலம் கேட்பது என்றும் பொருள், தீர ஆராய்வது என்றும் பொருள். முதலாவதை ஒன்பது வருடமாகச் செய்துவிட்டீர்கள்.

இரண்டாவதை எப்படிச் செய்வது? பொறுப்பாளரிடம் குற்றம் சாட்டும் தொனியில் போகாதீர்கள். அவரைப் பொறுத்தவரை நீங்கள் கேட்டதைத்தான் அவர் கட்டிக் கொடுத்திருக்கிறார். நிதானமாகக் கேளுங்கள்: ஒவ்வொரு பிள்ளையும் எப்படி, யார் மூலமாக வந்தது, கோப்பு இருக்கிறதா? பெற்றோரோ உறவினரோ எங்கே இருக்கிறார்கள், கடைசியாக எப்போது பார்த்தார்கள்? அந்த நாட்டு அரசின் உரிமம் இருக்கிறதா, கடைசி ஆய்வு எப்போது? போன வருடம் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள்? மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் இருக்கிறார்களா? பெற்றோரிடம் வளர முடியாத பிள்ளைகளுக்காக ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகள், அந்த வயதுக் குழந்தைகளுக்குக் குடும்பச் சூழல்தான் வேண்டும் என்கின்றன. ஏழ்மை ஒன்றே காரணமாகப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்றும் அவை சொல்கின்றன. கோப்பே இல்லை, உரிமமும் இல்லை, குடும்பம் வந்து பார்ப்பதற்குத் தடை, ஆனால் வெளிநாட்டு விருந்தாளி எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றால் அந்த இல்லத்தில் பெரிய கோளாறு இருக்கிறது. அப்போது அந்நாட்டுக் குழந்தைகள் நலத் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டம். இதைச் சும்மா விட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 2018இல் நவீன அடிமைமுறைச் சட்டம் வந்தபோது, பிள்ளைகளை இல்லங்களுக்காகக் கடத்துவதும் அந்தக் கொடுமைகளில் ஒன்றாகவே பேசப்பட்டது.

அப்படி எதுவும் இல்லை, வழக்கமான நல்ல மனதுள்ள இல்லம்தான் என்றால், பணத்தைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் சாப்பாடு குறையும், ஆள் குறையும், பிள்ளைகள் அவசர அவசரமாக வீடுகளுக்கு அனுப்பப்படுவார்கள். ஐந்து வருடம் பிரிந்திருந்த பிள்ளைக்கு வீடு அந்நியம், வீட்டுக்கும் பிள்ளை அந்நியம். சில வீடுகளில் அடி உண்டு, சில வீடுகளில் அதைவிட மோசமானது உண்டு. யார் எந்த வீட்டுக்குப் போகலாம் என்பதை நீங்களும் முடிவு செய்ய முடியாது, பொறுப்பாளரும் முடிவு செய்ய முடியாது. பயிற்சி பெற்ற, அந்த ஊர் மொழி பேசும் சமூகப் பணியாளர் ஒருவர் வேண்டும். நீங்கள் செய்யும் முதல் புதிய செலவு அவருடைய சம்பளமாக இருக்கட்டும்.

நடைமுறையில் இப்படிப் போகும். மூன்று நான்கு வருடத்துக்குத் தொகை குறையாது என்று பொறுப்பாளருக்கு எழுத்தில் உறுதி கொடுங்கள், தலைக்கணக்கையும் எடுத்துவிடுங்கள். ஒரு பிள்ளை வீட்டுக்குப் போனாலும் பணம் குறையாது என்று தெரிந்தால்தான் அவர் தைரியமாகக் கை கோப்பார். புதிய சேர்க்கை நிற்க வேண்டும். பணியாளர் ஒவ்வொரு குடும்பத்தையும் தேடிப் போவார், பல முறை போவார். பிள்ளை ஒரு பகல், ஒரு வாரக் கடைசி, ஒரு விடுமுறை என்று போய்ப் பழகும். போகிற வீட்டுக்குப் பள்ளிக்கட்டணம், மருந்து, தேவைப்பட்டால் ஒரு தையல் மெஷினோ இரண்டு ஆடோ. போன பிறகும் ஓரிரு வருடம் பணியாளர் போய்ப் பார்த்து வர வேண்டும். பெற்றோரிடம் போக முடியாதவர்களுக்கு உறவினர், அதுவும் முடியாதவர்களுக்கு வளர்ப்புக் குடும்பம் அல்லது உள்நாட்டிலேயே தத்து. எதற்கும் வழியில்லாத சிலர் மிஞ்சுவார்கள், அவர்களுக்கு வீடு மாதிரியான சிறிய இல்லம் தொடரட்டும். 40ஐயும் காலி செய்தே தீருவது என்று இலக்கு வைத்து ஓடினால் அதுவும் பழைய தலைக்கணக்கின் மறுபக்கம்தான்.

ஒரு நாடே இதைச் செய்து பார்த்திருக்கிறது. ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்குப் பிறகு இல்லங்கள் நிறைந்து வழிந்தன. 2012 கணக்கில் 33 இல்லங்களில் 3,300க்கு மேற்பட்டோர் இருந்தார்கள். அரசு அந்த இல்லங்களை ஒவ்வொன்றாக மூடத் தொடங்கி, சில வருடங்களில் பெரும்பாலான பிள்ளைகளைக் குடும்பங்களில் சேர்த்தது.

செலவைப் பற்றிச் சபையாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: நடுவில் இரண்டு வருடம் செலவு கூடும். இல்லமும் நடக்க வேண்டும், குடும்பங்களுக்கும் பணம் போக வேண்டும். பிறகுதான் குறையும். உற்சாகம் குறையும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். கட்டடத்தின் முகப்பில் சபையின் பெயரைப் பலகையில் எழுதலாம்; ஒரு அம்மாவின் தையல் மெஷினில் எழுத முடியாது. நாற்பது பிள்ளைகள் வரிசையில் நின்று பாடும் வீடியோவும் இனி வராது. கட்டடம் வீணாகப் போகாது. பள்ளியாகவோ கிளினிக்காகவோ பகல்நேரக் குழந்தைகள் மையமாகவோ மாற்றலாம். பொறுப்பாளரும் வேலை செய்பவர்களும் அதிலேயே தொடரலாம். இந்த உறுதி இல்லாவிட்டால் அவர்கள் ஒத்துழைக்க மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

"வீட்டுக்கு அனுப்பினால் பிள்ளைகளின் விசுவாசம் என்ன ஆகும்?" என்று ஒரு மூப்பர் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். வேத பாடம் கேட்பதற்காக ஒரு பிள்ளை அம்மாவை விட்டு வர வேண்டும் என்ற நிபந்தனையை நாம் நம் பிள்ளைகளுக்கு வைப்போமா? அந்தக் கிராமத்திலும் சபை இருக்கும், இல்லாவிட்டால் அடுத்த கிராமத்தில் இருக்கும்.

கடைசியாக, வாலிபர் குழுவின் இந்த வருடப் பயணம். இருபது பேர் போவதற்குப் பதிலாக இரண்டு பேர் போகட்டும். ஒருவர் கணக்குத் தெரிந்தவர், இன்னொருவர் பிள்ளைகள் நலத்தில் வேலை செய்தவர். இல்லத்தில் அதிக நேரம் உட்கார வேண்டாம். பொறுப்பாளர் சம்மதத்தோடு, அந்த ஊர் சமூகப் பணியாளர் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு, நான்கைந்து பிள்ளைகளின் அம்மாவையோ பாட்டியையோ அவர்கள் வீட்டிலேயே போய்ப் பார்க்கட்டும். எதையும் வாக்குக் கொடுக்க வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். பிள்ளை உங்களிடமே இருக்க வேண்டுமானால் வருடத்துக்கு என்ன வேண்டும் என்று பணியாளர் மூலம் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அடுத்த மூப்பர் கூட்டத்தில் அந்தத் தாளையும், இல்லத்தில் அதே பிள்ளைக்கு ஆகும் வருடச் செலவுத் தாளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.